சீனி இல்லாத இனிப்பு: நஞ்சா, மருந்தா?

சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டமொன்றின் மண்டபத்தில் அண்மையில் ஒரு சுகாதார விளக்கக் கூட்டம் நடைபெற்றது. கூட்டம் முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்த வேளையில், முன்னாள் பால்மரத் தொழிலாளியான பெரியவர் ஒருவர் தம் மனைவியுடன் என்னிடம் வந்தார். அம்மையாரின் கையில் குளிர்பான டின் ஒன்று இருந்தது. அதன்மேல் 'தன்பா குலா', அதாவது 'சீனி இல்லாதது' என்று மலாய்மொழியில் அச்சிடப்பட்டிருந்தது.

"சார், இவருக்கு இனிப்பு நீர் வந்து ஒன்பது வருடமாகிறது. கிளினிக்கில் சீனியைக் குறைக்கச் சொன்னார்கள். ஈப்போவில் வேலை செய்யும் மகன் இந்த டின்னை வாங்கி வந்து, 'இதில் சீனியே இல்லை, அப்பா தாராளமாகக் குடிக்கலாம்' என்கிறான். பக்கத்து வீட்டுத் தங்கச்சியோ, 'அது புற்றுநோயைக் கொண்டுவரும், கையால்கூடத் தொடாதீர்கள் அக்கா' என்கிறாள். நாங்கள் யார் பேச்சைக் கேட்பது?" என்று அம்மையார் கேட்டார்.

மண்டபத்து வாசலில் நின்றபடி இரண்டொரு சொல்லில் விடையளிக்கக்கூடிய கேள்வியன்று இது. "அம்மா, மகன் சொல்வதிலும் பாதி உண்மை உண்டு, தங்கச்சி சொல்வதிலும் சிறிது உண்மை உண்டு. முழு விவரத்தையும் எழுத்தில் தருகிறேன்" என்று கூறி விடைபெற்றேன். அந்த வாக்கை நிறைவேற்றவே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

நமக்கு ஏன் இந்தக் கவலை?

நம் நாட்டுச் சுகாதார அமைச்சு 2019-ஆம் ஆண்டில் நடத்திய தேசிய ஆய்வில், பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. 2023-ஆம் ஆண்டு ஆய்வில் அது 15.6 விழுக்காடாகப் பதிவாயிற்று. அப்படியும் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவருக்கு நோய் இருக்கின்றது. அவர்களுள்ளும் ஐவரில் இருவர், தமக்கு நோய் இருப்பதையே அறியாதவர்கள். இவ்விரு ஆய்வுகளிலும் மற்ற இனத்தாரைவிட இந்தியர்களிடையே நோய் மிகுந்திருந்தது என்பது நாம் கவலையோடு எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தியாகும்.

தோட்ட வாழ்க்கைக்கும் சீனிக்கும் நெடுநாளைய உறவு உண்டு. விடியற்காலையில் எழுந்து, பிரட்டுக்குச் சென்று, இருள் நீங்குமுன் மரம் சீவத் தொடங்கும் தொழிலாளிக்கு, டின்பாலும் சீனியும் கலந்த சூடான தேநீரே பல வேளைகளில் காலை உணவாக இருந்தது. மேடும் பள்ளமும் ஏறியிறங்கிப் பல நூறு மரங்களைச் சீவி, பால் வாளியைச் சுமந்து நடந்த உடல், உட்கொண்ட சீனியைப் பெரும்பாலும் உழைப்பாகவே செலவிட்டது.

இன்று நிலைமை மாறிவிட்டது. பேராக்கில் எத்தனையோ ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைத் தோட்டங்களாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. அங்கு வாழ்ந்த குடும்பங்கள் பல, ஈப்போவிலும் அதன் சுற்றுவட்டாரங்களிலும் குடியேறிவிட்டன. அன்று மலையேறிய கால்கள் இன்று மோட்டார்சைக்கிளில் செல்கின்றன. உழைப்பு குறைந்துவிட்டது, தேநீரில் இடும் கரண்டிக் கணக்கு மட்டும் குறையவில்லை.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு தேக்கரண்டிச் சீனி ஏறக்குறைய ஐந்து கிராம். குவளைக்கு மூன்று கரண்டி வீதம் நாளொன்றுக்கு நான்கு குவளை அருந்துபவர், தேநீரில் மட்டும் 60 கிராம் சீனியை உட்கொள்கிறார். பெரியவர் ஒருவர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 கிராமுக்கு மேல் சேர்க்கப்பட்ட சீனி உண்ணலாகாது என்றும், 25 கிராமுக்குள் நிறுத்தினால் இன்னும் நல்லது என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2015-ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. நம் தொழிலாளி, ஒரு பலகாரமும் ஒரு குளிர்பானமும் சேராமலேயே அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறார். இந்நிலையில், சீனி இல்லாமலே இனிப்புத் தரும் பொருள் ஒன்று கிடைக்கிறதென்றால், அதன்பால் மக்கள் ஈர்க்கப்படுவது இயல்பே.

இனிப்பூட்டி என்பது யாது?

சீனியைவிடப் பன்மடங்கு இனிப்பு உடையனவாய், உடலுக்குக் கலோரி ஏதும் தராதனவாய், அல்லது மிகச் சிறிதே தருவனவாய் உள்ள பொருள்களே இங்கு இனிப்பூட்டிகள் எனப்படுகின்றன. சாக்கரின், அஸ்பார்டேம், அசிசல்பேம், சுக்ரலோஸ் ஆகியவை பெரிதும் வழக்கில் உள்ளவை. அஸ்பார்டேம் சீனியைப்போல் சுமார் 200 மடங்கு இனிப்பானது. சாக்கரின் 300 மடங்குக்கு மேலும், சுக்ரலோஸ் 600 மடங்கும் இனிப்பானவை. ஆகவேதான், ஏழு கரண்டிச் சீனி செய்யும் வேலையை இவற்றில் ஒரு சிட்டிகைக்கும் குறைவான அளவே செய்து முடித்துவிடுகின்றது.

இவை கண்டுபிடிக்கப்பட்ட வரலாறு சுவையானது. 1879-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்த பால்பெர்க் என்பவர், வேலை முடிந்து உணவருந்தியபோது கையில் ஒட்டியிருந்த பொருள் இனித்ததை உணர்ந்தார், அதுவே சாக்கரின். 1965-இல் ஜேம்ஸ் ஷ்லாட்டர் என்பவர், தாளை எடுப்பதற்காக விரலை நாவில் வைத்தபோது அஸ்பார்டேமின் இனிப்பைக் கண்டார். 1976-இல் இலண்டனில் ஆய்வு மாணவராயிருந்த இந்தியர் சசிகாந்த் பட்னிஸ் என்பவரிடம், ஒரு பொருளைச் சோதித்துப் பார்க்குமாறு கூறப்பட்டது. ஆங்கிலத்தில் 'சோதித்துப் பார்' என்பதற்கும் 'சுவைத்துப் பார்' என்பதற்கும் ஒலியளவில் வேறுபாடு சிறிதே. அவர் சுவைத்துப் பார்த்துவிட்டார், சுக்ரலோஸ் பிறந்தது. மூவரும் நல்லூழால் தப்பினர் என்றே கொள்ள வேண்டும். களைக்கொல்லி தெளிக்கும் நம் தோழர்கள் கையைக் கழுவாமல் வாயருகே கொண்டுபோகக் கூடாது என்பதை இந்த இடத்தில் நினைவூட்டுவது என் கடமை.

இவையன்றி, தென் அமெரிக்காவின் பராகுவே நாட்டைத் தாயகமாகக் கொண்ட ஸ்டீவியா என்னும் செடியின் இலையிலிருந்து எடுக்கப்படும் இனிப்பும் இப்போது கடைகளில் விற்பனையாகின்றது. இலையிலிருந்து வந்தது என்பதாலேயே ஒரு பொருள் தீங்கற்றதாகிவிடாது. புகையிலையும் ஓர் இலைதானே!

வரி வந்தது, டின்னில் இருந்தது மாறியது

நம் நாட்டில் 2019-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளிலிருந்து இனிப்புப் பானங்களுக்குத் தனி வரி விதிக்கப்பட்டது. 100 மில்லி லிட்டரில் ஐந்து கிராமுக்கு மேல் சீனி உள்ள குளிர்பானத்துக்கு, லிட்டருக்கு 40 காசு என்பது அன்றைய விகிதம். 2024-இல் இது 50 காசாகவும், 2025-இல் 90 காசாகவும் உயர்த்தப்பட்டது. மக்களை வருத்துவதற்காக வந்த வரியன்று இது. பானம் தயாரிப்போர் சீனியைக் குறைக்க வேண்டும் என்பதே இதன் நோக்கம்.

அந்நோக்கம் ஓரளவு நிறைவேறியது. வழக்கமான கோலா பானத்தில் 100 மில்லி லிட்டருக்கு 10 அல்லது 11 கிராம் சீனி இருக்கும். 320 மில்லி டின்னில் ஏழு கரண்டி என்று கணக்காகும். வரி வந்த பிறகு பல நிறுவனங்கள் தங்கள் பானங்களில் சீனியை ஐந்து கிராம் எல்லைக்குள் கொண்டுவந்தன. ஆயினும் வாடிக்கையாளருக்குப் பழகிய இனிப்புக் குறையலாகாதே என்பதற்காக, அவற்றுள் சில சீனி குறைந்த இடத்தை இனிப்பூட்டியால் நிரப்பின.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியது யாதெனில், 'சீனி இல்லாதது' என்று எழுதப்பட்ட டின்னில் மட்டுமே இனிப்பூட்டி இருப்பதாக எண்ணிவிடக் கூடாது. சாதாரண ஆரஞ்சுப் பானத்திலும் அது இருக்கலாம். 1983-ஆம் ஆண்டு உணவுச் சட்டத்தின்கீழ் வந்த 1985-ஆம் ஆண்டு உணவு விதிமுறைகளின்படி, பானத்தில் சேர்ந்துள்ள பொருள்கள் லேபிளில் குறிப்பிடப்பட வேண்டும். டின்னைத் திருப்பி, 'குலா' என்ற சொல்லுக்கு நேரே எத்தனை கிராம் என்பதையும், 'பெமானிஸ்' என்ற சொல் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். எழுத்து பொடியாக இருந்தால், பள்ளி செல்லும் பிள்ளையை அழைத்துப் படிக்கச் சொல்லுங்கள். பிள்ளைக்கும் அது ஒரு பாடமாகும்.

புற்றுநோய் அச்சம் எங்கிருந்து வந்தது?

பக்கத்து வீட்டுத் தங்கச்சியின் அச்சம் அடிப்படையற்றது என்று தள்ளிவிடுவதற்கில்லை. எலிகளுக்குச் சாக்கரினைப் பெருமளவில் ஊட்டிய ஆய்வுகளில் அவற்றின் சிறுநீர்ப்பையில் புற்று தோன்றியதைக் கண்டு, 1977-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சாக்கரினைத் தடை செய்ய முன்வந்தது. மக்களின் எதிர்ப்பால் தடை நிறுத்தி வைக்கப்பட்டது. அதற்குப் பதிலாக, எச்சரிக்கை வாசகம் லேபிளில் இடம்பெற்றது. பின்னர் நடந்த ஆராய்ச்சிகளில், ஆண் எலியின் சிறுநீருக்கு உரிய தனித் தன்மையாலேயே அந்தப் புற்று உண்டாயிற்று என்றும், மனிதருக்கு அது பொருந்தாது என்றும் தெளிவாயிற்று. 2000-ஆம் ஆண்டில் அந்த எச்சரிக்கை நீக்கப்பட்டது.

அடுத்த செய்தி 2023-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் வந்தது. உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த அனைத்துலகப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவாண்மை, அஸ்பார்டேமை 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியதாயிருக்கலாம்' என்னும் பிரிவில் சேர்த்தது. கல்லீரல் புற்றுநோய் குறித்த சில ஆய்வுகளே அதற்குக் காரணம்; ஆனால் அந்தச் சான்றுகள் வரையறைக்குட்பட்டவை, உறுதியானவை அல்ல என்பதையும் அம்முகவாண்மையே கூறியது. கற்றாழையின் முழு இலைச் சாறும் அதே பிரிவில்தான் வைக்கப்பட்டிருக்கின்றது.

அந்த முகவாண்மையின் முதற்பிரிவில், அதாவது 'ஐயத்துக்கிடமின்றிப் புற்றுநோயை உண்டாக்குவன' என்னும் பிரிவில், எவை உள்ளன என்று அறிந்தால் பலர் வியப்படைவர். சிகரெட்டு உள்ளது. சம்சு, பீர், கள் முதலிய எல்லா மதுவகைகளும் உள்ளன. புகையிலை சேர்த்தும் சேர்க்காமலும் போடும் வெற்றிலை பாக்கும் உள்ளது. வாயில் வெற்றிலைச் சாறு ஒழுக, "அந்த டின்னைத் தொடாதே, புற்றுநோய் வரும்" என்று எச்சரிப்பவர், பெரிய ஆபத்தைத் தம் வாயிலேயே வைத்துக்கொண்டு சிறிய ஐயத்துக்கு அஞ்சுகிறார் என்றே சொல்ல வேண்டும்.

அளவே தீர்மானிக்கிறது

ஒரு பொருள் கெடுதல் செய்யக் கூடியதா என்பது ஒரு கேள்வி. நாம் உட்கொள்ளும் அளவில் அது கெடுதல் செய்யுமா என்பது வேறொரு கேள்வி. இந்த வேறுபாட்டை ஷீட் கொட்டகையில் வேலை செய்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ரப்பர்ப் பாலை உறைய வைக்கும் அமிலம் நேரே கையில் பட்டால் தோல் வெந்துவிடும். அதையே உரிய அளவு நீரில் கலந்து பாலில் ஊற்றினால், வேண்டிய வேலையைச் செய்து முடிக்கும். பொருள் ஒன்றே, அளவு வேறு.

இரண்டாவது கேள்விக்கு விடை காண்பது மற்றொரு குழுவின் பணி. உலகச் சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு விவசாய நிறுவனமும் சேர்ந்து அமைத்துள்ள நிபுணர் குழு, உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் வரை நாள்தோறும் அஸ்பார்டேம் உட்கொள்ளலாம் என்னும் பழைய எல்லையை 2023-இலும் மாற்றவில்லை. ஒரு டின்னில் 200 முதல் 300 மில்லிகிராம் வரை இருப்பதாகக் கொண்டால், 60 கிலோ எடையுள்ள ஒருவர் எட்டு முதல் பன்னிரண்டு டின் வரை குடித்தால்தான் அந்த எல்லையைத் தொடுவார். ஆகவே, எப்போதேனும் ஒரு டின் குடித்தவர் இரவெல்லாம் உறங்காமல் அஞ்ச வேண்டியதில்லை.

ஆனால் இதே கணக்கை 20 கிலோ எடையுள்ள பிள்ளைக்குப் போட்டால், இரண்டரை முதல் நான்கு டின்னுக்குள் எல்லை வந்துவிடுகின்றது. பெரியவரின் அளவைப் பிள்ளைக்குப் பொருத்தலாகாது. அன்றியும் சீனி இல்லாத கோலாவில் காபியில் உள்ள காஃபீன் இருக்கவே செய்யும். பிறந்தநாள் விருந்தில் பெரிய போத்தலைத் திறந்து வைத்து, 'சீனி இல்லாததுதானே' என்று பிள்ளைகளுக்கு வரம்பின்றி ஊற்றிக் கொடுக்கும் பழக்கம் நல்லதன்று.

எடை குறையுமா? நோய் குறையுமா?

மகனின் நம்பிக்கையை இனி ஆராய்வோம். சீனிப் பானத்தை விட்டுச் சீனியில்லாத பானத்துக்கு மாறினால் சிறிது நன்மை உண்டு என்பதற்குச் சான்று இருக்கின்றது. நெதர்லாந்து நாட்டில் 641 பிள்ளைகளைக் கொண்டு பதினெட்டு மாதங்கள் நடத்தப்பெற்ற ஆய்வின் முடிவு 2012-இல் வெளியாயிற்று. ஒரு பிரிவினருக்கு நாளும் 250 மில்லி சீனிப் பானமும், மற்றொரு பிரிவினருக்கு அதே அளவு சீனியற்ற பானமும் தரப்பட்டன. வளரும் பிள்ளைகளாதலால் இரு சாராருக்கும் எடை கூடியது. சீனியற்ற பானம் அருந்தியோருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ குறைவாகக் கூடியது.

ஆனால் பல ஆண்டுகள் மக்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகள் வேறு விதமாகப் பேசுகின்றன. இனிப்பூட்டிகளை மிகுதியாக உட்கொள்வோரிடையே நீரிழிவும் இருதய நோயும் சற்று மிகுந்து காணப்படுவதாக அவை கூறுகின்றன. ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட பிரெஞ்சு மக்களைக் கொண்டு நடத்தப்பட்டு 2022-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, மிகுதியாக உட்கொள்வோருக்குப் புற்றுநோய் வாய்ப்பு சுமார் 13 விழுக்காடு கூடுதல் என்றது. நூறு பேரில் பதின்மூவருக்கு நோய் வரும் என்பது இதன் பொருளன்று. உட்கொள்ளாதோர் கூட்டத்தில் 100 பேருக்கு நோய் வருமாயின், அதே தொகையுள்ள மற்றக் கூட்டத்தில் 113 பேருக்கு வரும் என்பதே பொருள்.

இத்தகைய ஆய்வுகளைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை தேவை. ஊன்றுகோல் பிடித்து நடப்போரை எண்ணிப் பார்த்தால், அவர்களுள் முழங்கால் வலி உள்ளோரே மிகுதி. அதற்காக ஊன்றுகோலே முழங்கால் வலியைத் தந்தது என்று சொல்லலாமா? உடல் பருத்தவர்களும், நீரிழிவு வரும் அறிகுறி கண்டவர்களுமே பெரும்பாலும் சீனியற்ற பானத்தை நாடுகின்றனர். எனவே நோய் முன்னதா, பானம் முன்னதா என்பதைப் பிரித்தறிவது கடினம்.

அதற்காக இனிப்பூட்டியை முற்றிலும் குற்றமற்றது என்று விடுவிக்கவும் இயலாது. இஸ்ரேல் நாட்டு விஞ்ஞானிகள் 120 பேரைக் கொண்டு நடத்தி 2022-இல் வெளியிட்ட ஆய்வில், சாக்கரினும் சுக்ரலோசும் சிலரது குடலில் வாழும் நுண்ணுயிர்களை மாற்றி, இரத்தத்தில் சீனியைக் கட்டுப்படுத்தும் ஆற்றலைச் சற்றுக் குறைத்தது கண்டறியப்பட்டது. ஸ்டீவியாப் பொடிகள் சிலவற்றில் கலக்கப்படும் எரித்ரிட்டால் என்னும் பொருள் இரத்தத்தில் மிகுந்திருப்போருக்கு மாரடைப்பும் பக்கவாதமும் மிகுந்து காணப்பட்டதாக 2023-இல் அமெரிக்க ஆய்வொன்று கூறியது.

இவை எல்லாவற்றையும் சீர்தூக்கிப் பார்த்த உலகச் சுகாதார நிறுவனம், 2023-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. உடல் எடையைக் கட்டுப்படுத்தும் வழியாக இனிப்பூட்டிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்பதே அதன் சாரம். ஸ்டீவியாவும் இதில் அடங்கும். ஆயினும், ஏற்கெனவே நீரிழிவு உள்ளோருக்கு இவ்வறிவுரை பொருந்தாது என்று அந்நிறுவனமே தெளிவுபடுத்தியுள்ளது. இதைப் பலர் கவனிப்பதில்லை. நீரிழிவு உள்ளவருக்குச் சீனி நிறைந்த பானம் உடனே செய்யும் கெடுதல் ஐயமற்றது. இனிப்பூட்டியின் கெடுதலோ இன்னும் ஆராயப்படுவது. இரண்டில் ஒன்றைத்தான் குடிப்பேன் என்று அவர் பிடிவாதம் பிடித்தால், சீனியற்றதே மேல். மூன்றாவதாகத் தண்ணீர் இருப்பதை அவருக்கு நினைவூட்டுவதோ அதனினும் மேல்.

தவிர்க்க வேண்டியோரும் தவறான எண்ணங்களும்

பினைல்கீட்டோனூரியா என்னும் அரிய பிறவிக் குறைபாடு உடையோர் அஸ்பார்டேமை அறவே தவிர்க்க வேண்டும். இதற்கான எச்சரிக்கை லேபிளில் அச்சிடப்பட்டிருக்கும். கருவுற்ற தாய்மார் கிளினிக்கில் தாதியரிடம் கேட்டறிந்து நடப்பது நன்று.

சீனி இல்லை என்பதால் பல்லுக்குத் தீங்கில்லை என்று எண்ணுவதும் தவறு. கோலா பானத்துக்குப் புளிப்பைத் தருவது பாஸ்பாரிக் அமிலம். சீனி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த அமிலம் பல்லின் மேற்பூச்சை அரிக்கும். நாள் முழுதும் சிறிது சிறிதாகப் பருகிக்கொண்டிருப்போருக்குத் தீங்கு இன்னும் மிகுதி.

மற்றொரு தவறான எண்ணம், தேனும் வெல்லமும் குலா மெலாக்காவும் பழுப்புச் சீனியும் இனிப்பு நீர்க்காரருக்குக் கெடுதல் செய்யா என்பது. நிறமும் மணமும் வேறானாலும், இரத்தத்துக்குள் சென்றபின் இவையும் சீனியே. 'சீனி சேர்க்கப்படவில்லை' என்று எழுதிய பழச்சாற்றிலும் பழத்தின் சீனி இருக்கின்றது. பாதாம், சாக்லேட்டு முதலிய பானத்தூள்களில் சீனி இல்லாவிட்டாலும் மாவும் பாலும் இருக்கக்கூடும்.

உயிர் காக்கும் ஓர் எச்சரிக்கை

இக்கட்டுரையில் வேறெதை மறந்தாலும் இப்பகுதியை மறவாதீர்கள்.

இன்சுலின் ஊசி போட்டுக்கொள்வோருக்கும், சிலவகை நீரிழிவு மாத்திரை உண்போருக்கும், சாப்பாட்டு வேளை தவறினாலோ வேலை மிகுந்தாலோ இரத்தத்தில் சீனி திடீரெனக் குறைந்துவிடக்கூடும். காலையில் மருந்தை உட்கொண்டு, பசியாறாமல் வேலைக்காட்டுக்குச் செல்வோருக்கு இந்த ஆபத்து அதிகம். உடல் வியர்க்கும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், பசி எடுக்கும், பேச்சுக் குழறும், குடிகாரர்போல் தடுமாறுவர். கவனிக்காமல் விட்டால் நினைவிழந்து உயிருக்கே ஆபத்து நேரும்.

அந்த நேரத்தில் அவருக்கு வேண்டியது உண்மையான சீனி. மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்கச் செய்ய வேண்டும். கால் மணி நேரத்தில் தெளிவு ஏற்படாவிட்டால் மீண்டும் ஒருமுறை கொடுக்கலாம். தெளிந்தபின் சோறோ ரொட்டியோ உண்ணச் செய்ய வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சடைத்துவிடும். அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, 999-ஐ அழைக்க வேண்டும்.

'இனிப்பு நீர்க்காரராயிற்றே' என்று எண்ணி, அந்த நேரத்தில் சீனியற்ற டின்னைத் திறந்து கொடுத்தால் ஒரு பயனும் விளையாது. நாக்கு இனிக்கும், இரத்தத்தில் சீனி ஏறாது, காலம் மட்டும் வீணாகும். ஆகவே வீட்டில் எல்லாரும் சீனியை விட்டுவிட்டாலும், ஒரு சிறு டப்பாவில் சீனி இருக்கட்டும். வேலைக்குச் செல்லும் இனிப்பு நீர்க்காரர் சட்டைப் பையிலும் ஒரு சிறு பொட்டலம் இருக்கட்டும்.

நாவைப் பழக்குவோம்

இனிப்பூட்டியின் பெருங்குறை யாதென்று என்னைக் கேட்டால், அது நாவின் பழக்கத்தை மாற்றுவதில்லை என்பதையே சொல்வேன். ஏழு கரண்டி இனிப்புக்குப் பழகிய நாக்கு, டின்னிலும் அதே இனிப்பைக் காண்கின்றது. அடுத்த வேளை தேநீரிலும் அதையே கேட்கின்றது. டின்னில் மிச்சப்படுத்திய சீனி, பலகாரத்தில் திரும்பி வந்துவிடுகின்றது. ஊன்றுகோல் நடை பழகுவதற்கு உதவலாம். நடப்பது கால்களே அல்லவா?

சுவை என்பது பழக்கம். மூன்று கரண்டி போடுபவர் முதல் இரண்டு வாரத்துக்கு இரண்டரைக் கரண்டி போடட்டும். அடுத்த இரண்டு வாரத்துக்கு இரண்டு கரண்டி. இவ்வாறு குறைத்து வந்தால் மூன்று மாதத்துக்குள் சீனியின்றியும் தேநீர் பருகலாம். கடையில் அமர்ந்தால், 'தே குராங் மானிஸ்' என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். சில மாதங்களில் 'தே ஓ கொசோங்' என்று கேட்கும் துணிவும் வந்துவிடும். டின்பாலிலும் சீனி மிகுந்துள்ளது என்பதை மறக்கலாகாது. டின்பாலை ஊற்றிவிட்டுச் 'சீனி போடவில்லை' என்று சொல்வதில் பொருளில்லை.

நீரிழிவு உள்ளவர் இந்தப் பழக்கத்துக்கு வரும்வரை ஓர் இனிப்பூட்டி வில்லையைத் தேநீரில் இட்டுக்கொள்வதில் தவறில்லை. அடுப்பில் நெடுநேரம் கொதிக்கும் பாயசத்தில் அஸ்பார்டேமை இட்டால் இனிப்புக் குறைந்துவிடும். இறக்கியபின் கலப்பதே முறை. வேலைக்குச் செல்லும்போது போத்தலில் தண்ணீர் கொண்டு செல்லுங்கள். வியர்வை சிந்தி உழைக்கும் உடலின் தாகத்துக்குத் தண்ணீரே போதுமான பானம்; அதற்கு வரியுமில்லை, லேபிளுமில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, நாற்பது வயதைத் தாண்டியவர்களும், குடும்பத்தில் இனிப்பு நீர் உள்ளவர்களும் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் இரத்தத்தைச் சோதித்துக்கொள்ள வேண்டும். மருத்துவர் கொடுத்த மருந்தை, 'சீனியைத்தான் விட்டுவிட்டேனே' என்று தாமாகவே நிறுத்திவிடக் கூடாது.

அம்மையாருக்கு விடை

அம்மா, உங்கள் கேள்விக்கு இப்போது சுருக்கமாக விடை கூறுகிறேன். உங்கள் கையில் இருந்த டின் நஞ்சன்று. ஆகவே பக்கத்து வீட்டுத் தங்கச்சி அஞ்ச வேண்டியதில்லை. அது மருந்துமன்று; ஆகவே மகன் சொன்னபடி தாராளமாகக் குடிக்கவும் வேண்டியதில்லை. சீனி நிறைந்த டின்னுக்குப் பதிலாக ஐயா எப்போதேனும் அதைக் குடிக்கலாம். நாள்தோறும் குடிப்பதற்குத் தண்ணீரும், சீனி குறைத்த தேநீருமே உகந்தவை. அவர் மயங்கித் தடுமாறும் வேளையில் மட்டும் அந்த டின்னை ஒதுக்கிவிட்டு, சமையலறைச் சீனியை எடுங்கள்.

அப்பாவின் நலனில் அக்கறை கொண்டு ஈப்போவிலிருந்து டின் சுமந்து வரும் மகனைக் கடிந்துகொள்ள வேண்டாம். அடுத்த முறை வரும்போது, டின்னுக்குச் செலவிடும் பணத்தில் கீரையும் காய்கறியும் வாங்கி வரச் சொல்லுங்கள். மாலையில் அப்பாவை அழைத்துக்கொண்டு அரை மணி நேரம் நடந்துவரச் சொல்லுங்கள். பல ஆண்டுகள் மலையேறி மரம் சீவிய கால்கள் நடையை மறந்திருக்கமாட்டா.